வேடர் வில்லும் கொல்லன் உலையும்

வில் என்றவுடன் நம் மாணவர் மனத்தில் முதலில் எழுவது இராமபிரானின் கோதண்டம். அன்றேல் அருச்சுனனின் காண்டீபம். சரித்திரம் கற்றோர் இங்கிலாந்தின் நெடுவில் வீரரையும் நினைவுகூர்வர். ஆயின், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்த காடுகளில் வில்லையே வாழ்வுக்குத் துணையாகக் கொண்டிருந்த வேடரை நம்மில் எத்துணைப் பேர் எண்ணுகின்றோம்? வாகரை, கதிரவெளி முதலிய கரையோரப் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் வேடர் வழியினர் நமக்கு அயலார் அல்லர். கொக்கட்டிச்சோலை, மண்டூர் ஆலயங்களின் ஐதிகங்களிலும் வேடருக்கு இடம் உண்டு. ஆகவே இவ்வாரம் அவர் கைக்கொண்ட கருவிகளைச் சற்று நோக்குவோம்.

ஒப்பு நோக்குவதற்காக முதலில் இங்கிலாந்து செல்வோம். 1545ஆம் ஆண்டில் கடலில் மூழ்கிய 'மேரி றோஸ்' என்னும் போர்க்கப்பலிலிருந்து முழுமையான விற்கள் 137உம், அம்புகள் 3,500க்கு மேலும் கிடைத்துள்ளன. வில் ஆறடிக்கு மேல் நீண்டது. 'யூ' என்னும் மரத்தாலானது. ஒரு கட்டுக்கு 24 அம்புகள். நாண் உராயாதவாறு முன்கைக்குத் தோற்காப்பும் உண்டு. எதிரே ஆயிரக்கணக்கில் திரண்டுவரும் படைமீது அம்புமாரி பொழிய வேண்டியவனுக்கு இவையெல்லாம் இன்றியமையாதன.

வேடர் சுமந்தவை இவற்றினும் மிகக் குறைவு. 1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி விரிவானதொரு நூல் வெளியிட்டனர். ஏறக்குறைய ஆறடி நீள வில், மர நாரை முறுக்கிய நாண், மயிலிறகு கட்டிய இரண்டு மூன்று அம்புகள், ஒரு கைக்கோடரி, தீ மூட்டும் கருவி, வெற்றிலைப் பை ஆகியனவே வேட்டைக்காரனின் உடைமை. அம்பறாத்தூணி இல்லை, அம்புகளை வில்லோடு சேர்த்துக் கையிலேயே பிடித்துச் செல்வான்.

இரண்டு மூன்று அம்புகள் போதுமோ என மாணவர் வினவலாம். போதும். வேடனின் திறமை தொலைவிலிருந்து எய்வதில் அன்று. சருகும் ஒலியாதவாறு விலங்கை அணுகுவதிலேயே இருந்தது. அருகே சென்றபின் ஓரம்பே அமையும். கருவியின் குறையைக் காட்டறிவு நிறைவு செய்தது எனலாம்.

எனினும், காடு தராத பொருள் ஒன்று இருந்தது. அதுவே இரும்பு. வில்லும் நாணும் இறகும் காட்டில் கிடைக்கும். அம்பின் அலகு கொல்லன் உலையிலன்றிப் பிறவாது. கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி அரசிற் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு விந்தையான வணிகத்தை விவரிக்கின்றார். இரவில் வேடர் வந்து இறைச்சியைக் கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் இலையொன்றை வெட்டி அருகே மாட்டிச் செல்வர். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைத்தால் மேலும் இறைச்சி வந்து சேரும். செய்யாது விட்டாலோ, ஓர் இரவில் அவன்மீது அம்பு பாயக்கூடும்! ஒரு சொல்லும் பேசாது, முகமும் காணாது நடந்த கொடுக்கல் வாங்கல் இது.

இவ்வாறு அரிதிற் பெற்ற இரும்பை அவர்கள் எளிதாக எண்ணவில்லை. பெரிய அம்பலகுகள் சிலவற்றை எய்யாமலே தலைமுறை தலைமுறையாகப் பேணி, முன்னோரையும் தெய்வங்களையும் வேண்டி ஆடும் சடங்குகளில் ஏந்தினர்.

பிறரை நம்பியிருத்தல் வேடருக்கு மட்டும் உரியதன்று. வில்லுக்கேற்ற மரம் போதாத ஆங்கிலேயர், துறைமுகம் வரும் கப்பல்கள் சரக்கில் ஒவ்வொரு தொன்னுக்கும் நான்கு விற்கோல்கள் கொணர வேண்டுமென 1472ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். அரசன் படைக்கும் அயலார் மரம் வேண்டியிருந்தது. வேடன் அம்புக்கும் ஊர்க் கொல்லன் இரும்பு வேண்டியிருந்தது.

இன்றைய நிலை யாது? 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டபோது, வேடர் வழிவழியாக வேட்டையாடிய காட்டின் பெரும்பகுதி அதனுள் அடங்கிற்று. ஆங்கு வேட்டையாடுதல் குற்றமாயிற்று. காட்டையும் விலங்கையும் காப்பது நன்றே. ஆயினும் அக்காட்டை நன்கறிந்தோரின் பிழைப்பு அதனால் தடைப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. கரையோர வேடரோ மீன்பிடியையும் சேனைப் பயிரையும் நாடி நெடுநாளாயிற்று.

வில்லைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காத்தல் எளிது. எந்த மரம் வளையும், எந்த நார் அறாது என்னும் அறிவைப் பேழையில் வைத்தல் இயலுமோ? அது மனிதர் நெஞ்சில் மட்டுமே வாழ்வது. 'வேடன்' என்னும் சொல்லை நாம் ஏளனமாக வழங்குவோமாயின், அவ்வறிவுடைய முதியோர் வாய் திறவார். அவர்தம் பேரப்பிள்ளைகளும் கேட்க நாணுவர்.

எனவே, மாணவர்களே, உங்கள் வகுப்பில் அவ்வூர்ப் பிள்ளையொருவர் இருப்பின், அவர் பாட்டனாரிடம் கேட்டறியத் தக்கவை பலவுண்டு என மதிப்புடன் எண்ணுங்கள். அன்று வேடரும் கொல்லரும் முகம் காணாமலே ஒருவருக்கொருவர் பயன்பட்டனர். ஒரே வாங்கில் அமர்ந்து கற்கும் நமக்கு முகம் பார்த்துப் பேசுதல் அரிதோ?