கணக்குக்கு முன் இன்ச் டேப்

கோவையில் படிக்கும் அண்ணன் மகன், தன் அறையில் ரேஸிங் சிமுலேட்டர் அமைக்கப் போவதாகச் சொல்லி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ஏழெட்டு தளங்கள் திறந்திருந்தன. பார்வைக் கோணம் கணக்கிட ஒன்று, ஸ்டீயரிங், பெடல், இருக்கையெல்லாம் மாட்டும் சட்டமான ரிக்கை வரைந்து பார்க்க ஒன்று, கம்ப்யூட்டர் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்று பார்க்க ஒன்று. "32 இன்ச் மானிட்டருக்கு 61 டிகிரி வருதுங்க சித்தப்பா" என்றான். கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் போட்டாய் என்று கேட்டேன்.

"60 சென்டிமீட்டர்னு அதுலயே இருந்துச்சுங்க."

தளத்தின் கட்டத்தில் மாதிரிக்காகப் போட்டு வைத்திருந்த எண்ணை அவன் அப்படியே விட்டிருந்தான். நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்டீயரிங் வீல் மேஜையில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. அவனை உட்கார்ந்து அதைப் பிடிக்கச் சொல்லி, அண்ணியின் தையல் டேப்பால் அளந்தேன். கண்ணிலிருந்து திரைக்கு 95 செ.மீ. அந்தத் தூரத்தில் அதே மானிட்டர் தருவது 41 டிகிரிதான்.

பார்வைக் கோணக் கால்குலேட்டர் செய்வது பத்தாம் வகுப்பு முக்கோணக் கணக்கு. திரையின் பாதி அகலம், கண்ணிலிருந்து அதன் தூரம், இரண்டையும் வைத்து உங்கள் திரை உலகத்தின் எத்தனை டிகிரியை மறைக்கிறது என்று சொல்கிறது. திரையை ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் போனால் தெரு நிறையத் தெரியும். தள்ளி நின்றால் ஒரு துண்டுதான் தெரியும். விளையாட்டிலும் அதே அளவு தெரிந்தால், வளைவு வரும் தூரமும் பிரேக் பிடிக்க வேண்டிய இடமும் நிஜத்தில் இருப்பதுபோல் இருக்கும். கோணத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்தால் நிறையத் தெரியும், வேகமும் அதிகம்போல் தோன்றும். ஆனால் எல்லாம் சிறுத்துத் தள்ளிப் போய்விடும். புதிதாக ஆடுகிறவர்கள் திருப்பும் இடத்தையும் பிரேக் பிடிக்கும் இடத்தையும் தவறாகக் கணிப்பதற்கு இது ஒரு காரணம்.

கோணம் போதவில்லை என்றால், பெரிய திரை வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதையும் அதே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 27 இன்ச் மானிட்டர் 65 செ.மீ. தூரத்தில் 49 டிகிரி தருகிறது. 95 செ.மீ. தள்ளியிருக்கும் 32 இன்ச்சைவிட இது அதிகம். காசு கொடுத்து வாங்கும் இன்ச்சைவிட, இலவசமாகக் கிடைக்கும் நெருக்கம் பெரிது. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஐரேசிங் என்ற விளையாட்டு கேட்பது கிடைமட்டக் கோணம். அசெட்டோ கோர்ஸா என்ற விளையாட்டு கேட்பது செங்குத்துக் கோணம். 32 இன்ச் திரைக்கு 60 செ.மீ. தூரத்தில் கிடைமட்டம் 61 என்றால் செங்குத்து 37. அந்த 61-ஐ எடுத்து அசெட்டோ கோர்ஸாவில் போட்டுவிட்டால், கிடைமட்டமாக ஏறக்குறைய 93 டிகிரி ஆகிவிடும். கார் ரங்கராட்டினம்போல் சுற்றுகிறது என்று சொல்பவர்களில் சிலர் இந்த ஒரு கட்டத்தில்தான் தவறியிருப்பார்கள்.

மூன்று திரை ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கான தளங்கள் பக்கத்துத் திரைகளை எத்தனை டிகிரி மடக்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். கிராபிக்ஸ் கார்டு என்ன பாடுபடும் என்பதை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். 2560 x 1440 திரைகள் மூன்று என்றால் சுமார் 1 கோடியே 10 லட்சம் புள்ளிகள்; ஒரு 4கே திரைக்கு 83 லட்சம்தான். பிசிபார்ட்பிக்கர் போன்ற தளங்கள் பாகங்கள் பொருந்துமா, மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லிவிடும். இந்தப் புள்ளிக் கணக்கை நீங்கள்தான் பெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஸ்டீயரிங் பக்கம் வந்தால் எல்லோரும் முறுக்கு விசையின் அளவான நியூட்டன் மீட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5, லாஜிடெக் ஜி ப்ரோ 11 என்று ஒப்பீட்டுப் பட்டியல்கள் அடுக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் 5 நியூட்டன் மீட்டர் என்பது கையில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ இழுவை. 11 என்றால் ஏழரைக் கிலோ. இந்த இழுவையை ஓரளவு கனமான மேஜை தாங்கிக்கொள்ளும். மேஜை தாங்காதது பிரேக். லோட் செல் வைத்த பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கிறது. பல கிலோ எடையைக் காலால் உந்தும்போது சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும். மேஜைக் காலோடு நாற்காலியைக் கயிற்றால் கட்டி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேலி செய்யாதீர்கள், அது வேலை செய்கிறது. அலுமினிய ப்ரொஃபைல் ரிக்குக்குப் பணம் செலவழிப்பதானால், ஸ்டீயரிங்குக்காக அல்ல, பிரேக்குக்காக என்று தெரிந்து செலவழியுங்கள். ரிக் வரையும் தளத்தில் எல்லாமே அசையாமல்தான் நிற்கும்.

அந்தத் தளங்களைப் பற்றி இன்னொன்று. விற்பவரே நடத்தும் வடிவமைப்புப் பக்கம் அவர் விற்கும் பொருளைத்தான் காட்டும். "சிறந்த பத்து" பட்டியல்களில் பலவற்றுக்கு, நீங்கள் அங்கிருந்து சொடுக்கி வாங்கினால் கமிஷன் போகிறது. அளவுகளுக்கு அவற்றை நம்பலாம். தேர்வுக்கு நம்புவதற்கு முன் பொருள் தயாரித்தவரின் பக்கத்தையே திறந்து பாருங்கள். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது, ஜி920 பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

அண்ணன் மகன் வரைந்த ரிக் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். பழைய பேப்பர்களைச் செல்லோ டேப்பால் ஒட்டி, அதே அளவில் தரையில் விரித்தோம். எட்டுக்குப் பத்து அறைக்குள் பேப்பர் அழகாக அடங்கியது. கதவைத் திறந்தபோது அது பேப்பரின் மேல் ஓரடிக்கு ஏறி வந்தது. கதவு உள்பக்கம் திறக்கும் என்று தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் இடம் கிடைக்கும், ஆனால் பீரோவைத் திறக்க முடியாது. ரிக் இப்போதைக்குத் தள்ளிப்போடப்பட்டது.

பதிலாக அவன் வாங்கியது ஒரு மானிட்டர் ஆர்ம். மேஜையின் பின்விளிம்பில் அதை இறுக்கி, திரையை ஸ்டீயரிங் பெட்டிக்கு மேலாக முன்னால் இழுத்து, வீலுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தினோம். திரும்பவும் தையல் டேப். 62 செ.மீ. கால்குலேட்டரில் அந்த எண்ணைப் போட்டான்: கிடைமட்டம் 59, செங்குத்து 36. அவன் ஆடுவது அசெட்டோ கோர்ஸா, 36-ஐப் போட்டிருக்கிறான்.