பில்லின் அடியில் இருக்கும் இரண்டு வரிகள்

சென்ற மாதம் ஒரு திருமண வேலையாக வெளியூர் போயிருந்தபோது நண்பர்கள் நான்கு பேர் ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு 800 ரூபாய். பில்லின் அடியில் மத்திய ஜி.எஸ்.டி. 20, மாநில ஜி.எஸ்.டி. 20 என்று சேர்த்து 840 ரூபாய் கேட்டார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பலகை கண்ணில் பட்டது. ‘கம்போசிஷன் திட்டத்தில் வரி செலுத்துபவர்’ என்று எழுதியிருந்தது.

“பாய், இந்தப் பலகையை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாதே?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும்தானே வாங்குறாங்க பாய்? நாங்களும் அஞ்சு பர்சென்ட் கட்டத்தானே செய்றோம்?” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கட்டத்தான் செய்கிறார். ஆனால் யார் பணத்தில்? கம்போசிஷன் திட்டத்தில் சேரும் உணவகக்காரர் மொத்த விற்பனையில் 5 சதவீதத்தைத் தம் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். சரக்கு வாங்கி விற்பவருக்கு அது 1 சதவீதம்தான். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை இந்த வசதி உண்டு. கணக்கு வழக்கு குறைவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். இந்தச் சலுகைக்குச் சட்டம் கேட்கும் விலை இதுதான்: பில்லில் வரி என்று தனியாக ஒரு காசு வாங்கக் கூடாது. வரி வாங்க உரிமையில்லை என்று பில்லின் தலையிலேயே எழுத வேண்டும்.

பதிவே செய்யாத கடைகளும் இதே தவறைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர் 40 லட்சம் ரூபாய் வரையும், உணவகம் போன்ற தொழில் நடத்துபவர் 20 லட்சம் வரையும் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. (நாகூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் அங்கே சரக்குக்கும் 20 லட்சம்தான். காரைக்காலில் கொள்முதல் செய்து நாகூருக்குச் சரக்கு கொண்டுவந்தால், பில்லில் இரண்டு பாதிகள் வராது. மாநிலம் தாண்டிய ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக வரும்.) பதிவு இல்லாதவர் வரி வாங்கக் கூடாது. வரி என்று சொல்லி யார் எதை வாங்கியிருந்தாலும் அதை உடனே அரசுக்குக் கட்டியாக வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-வது பிரிவு. ஆக, அந்த 40 ரூபாய் எப்படிப் பார்த்தாலும் கல்லாவுக்குச் சொந்தமில்லை. அது அமானிதம். அதை லாபக் கணக்கில் சேர்ப்பவர், நாளை நோட்டீஸ் வரும்போது அரசாங்கம் அநியாயம் செய்கிறது என்று எப்படிக் குரல் எழுப்ப முடியும்?

விற்பனை வரி நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததல்ல. மதுவிலக்கால் வருமானம் குறைந்தபோது, 1939-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. 1959-ல் புதுச் சட்டம், 2007-ல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நம் பாட்டனார் காலத்திலிருந்து கட்டி வருகிறோம். ஆனால் கணக்கை மட்டும் இன்றுவரை ஆடிட்டரிடமே விட்டு வைத்திருக்கிறோம்.

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. வரி தனியாகப் போடும் பில் என்றால் விலையில் சதவீதம் போட்டுக் கூட்டுகிறோம். விலைக்குள்ளேயே வரி இருந்தால்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மின்விசிறி வரியோடு சேர்த்து 2,360 ரூபாய், வரி 18 சதவீதம். இதில் வரி எவ்வளவு? 2,360-ல் 18 சதவீதம் என்று 424 ரூபாய் 80 காசு சொன்னால் தவறு. 2,360-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். வரி 360 ரூபாய், சரக்கின் விலை 2,000. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் அடங்கியது. அதற்கு மேல் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று எவரும் கேட்க முடியாது. கேட்டால் வாங்குபவர் கொடுக்க வேண்டியதில்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் ஆடை ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம். அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். வரிக்கு முன் 2,600 ரூபாய் உள்ள ஒரு சட்டைக்கு 468 ரூபாய் வரி. வாடிக்கையாளர் 3,068 கொடுக்க வேண்டும். கடைக்காரர் 200 ரூபாய் தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டி 2,400-க்கு விற்றால் வரி 120 ரூபாய்தான். வாடிக்கையாளர் கொடுப்பது 2,520. விட்டுக்கொடுத்தது 200, வாங்குபவருக்கு மிச்சம் 548! இது தில்லுமுல்லு அல்ல, சட்டத்துக்குள் இருக்கும் கணக்கு. செருப்பு, ஷூவுக்கும் ஜோடிக்கு இதே 2,500 எல்லைதான். பெரிய கடைகள் இதைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. நம் சிறு கடைக்காரர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதுவரை நம் மீதுள்ள குறையைச் சொன்னோம். அரசின் மீதும் ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு சில்லறை வியாபாரி மொத்த வியாபாரியிடம் ஒரு லட்சம் ரூபாய் சரக்கை 18,000 வரி கொடுத்து வாங்குகிறார். 1,20,000-க்கு விற்று 21,600 வரி வசூலிக்கிறார். ஏற்கனவே கொடுத்த 18,000-ஐக் கழித்து 3,600 கட்டினால் போதும். சரி. ஆனால் அந்த மொத்த வியாபாரி 18,000-ஐ வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்தால்? கழிவு கிடையாது என்று சில்லறை வியாபாரிக்கு நோட்டீஸ் வருகிறது. மீண்டும் 18,000, அதற்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வரை வட்டி. 20,000 ரூபாய் லாபத்தில் மிஞ்சுவது என்ன? திருடியவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் இன்னொருவனா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2021-ல் ரப்பர் ஷீட் வணிகர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவர் மீது மட்டும் பாய்ந்த அதிகாரிகளின் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கடைக்காரரும் மதுரைக்குப் போய் வழக்கறிஞர் வைக்க முடியுமா? வரி வாங்கியதற்கான பில்லும், வங்கி வழியாகப் பணம் கொடுத்த சான்றும் இருந்தால், முதலில் விற்றவரிடம்தான் வசூலிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வணிகர் சங்கங்கள் கடையடைப்புக்குக் காட்டும் வேகத்தை இந்த ஒரு கோரிக்கைக்குக் காட்டட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால், பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, கம்போசிஷனா என்று எவரும் பார்க்கலாம், கட்டணமில்லை. கடையில் இருக்கும் படித்த பிள்ளைகள் புது மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் முன் இதைப் பார்க்கட்டும். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி, முந்தைய மாதக் கொள்முதல் பட்டியல் 2பி என்ற பெயரில் நம் கணக்கில் வந்துவிடும். கையிலுள்ள பில்களை அதனோடு வைத்துப் பார்த்து, எது வரவில்லையோ அந்த வியாபாரியை அன்றைக்கே கூப்பிட வேண்டும். பாக்கிப் பணம் நம்மிடம் இருக்கும்போது அவர் போனை எடுப்பார்.

பிரியாணிக் கடைக்காரர் 40 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். பில் போடும் இயந்திரத்தில் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடச் சொல்வதாகவும் சொன்னார். அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது பார்க்க வேண்டும்.