கழித்துப் பார்க்கிற கலை

டேவிட் வோய்னரோவிச் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "பெரிய ஆர்ட்டிஸ்ட்தான் சார், அந்த எய்ட்ஸ் கோஷத்தையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா." இந்தக் கழித்தல் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. எதைக் கழிப்பது? கழித்தபின் மிச்சம் என்ன?

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் அவருடைய எதிரிகள். 1990இல் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற மதப் பழமைவாத அமைப்பு, அவருடைய படைப்புகளிலிருந்து பாலுறவு சம்பந்தப்பட்ட துணுக்குகளை மட்டும் வெட்டியெடுத்து, அரசுப் பணம் இதற்கா போகிறது என்று துண்டறிக்கை போட்டது. அவர் வழக்குத் தொடர்ந்து ஜெயித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு டாலர். 2010இல், அவர் இறந்து 18 வருடம் கழித்து, வாஷிங்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் அவருடைய வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சிலுவைமேல் எறும்பு ஊரும் சில நொடிகளுக்காகக் கூச்சல் கிளம்பியது. வீடியோவையே தூக்கிவிட்டார்கள்.

சரி, இவர்கள் எதிரிகள், விடுங்கள். எனக்குக் கோபம் ரசிகர்கள்மேல்தான். அவர்கள் வெட்டுவது இன்னும் நாசூக்காக இருக்கிறது, "கலை வேற, பிரச்சாரம் வேற" என்ற கத்தியால்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். எருமைகள் செங்குத்தான பாறையிலிருந்து வரிசையாகக் கீழே விழுகின்றன. அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஒரு மாதிரிக்காட்சியை அவர் எடுத்த புகைப்படம் அது. கோஷம் கிடையாது, ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அது 1988–89ஆம் ஆண்டுகளின் படைப்பு. அவருடைய நெருங்கிய நண்பர், புகைப்படக் கலைஞர் பீட்டர் ஹூஜார் 1987இல் எய்ட்ஸில் இறந்திருந்தார். அவருக்கும் அந்தத் தொற்று உறுதியாகியிருந்தது. அரசோ கண்டும் காணாமல் இருந்தது. இதையெல்லாம் கழித்துவிட்டால் அது வெறும் மியூசியம் பொம்மையின் படம். அந்த மிருகங்களைத் துரத்தியது யார் என்ற கேள்வியே அங்கு எழாது.

எதிர்ப்புக் கலை என்ற பெயரில் குப்பையும் நிறைய வருகிறது என்பார்கள். வருகிறதுதான், நானும் பார்த்திருக்கிறேன். அது குப்பையாவது கோபத்தால் அல்ல, திறமையின்மையால். ஹூஜார் இறந்த சில நிமிடங்களில் அவருடைய முகத்தையும் கையையும் பாதங்களையும் அத்தனை நிதானமாகப் படமெடுத்தவர்தான், 1988இல் உணவு மருந்து நிர்வாகத்தின் முன் நடந்த போராட்டத்தில், தான் எய்ட்ஸில் செத்தால் பிணத்தை அந்த அலுவலகப் படியில் போடுங்கள் என்று எழுதிய ஜாக்கெட்டோடு நின்றார். இரண்டு ஆள் இல்லை, ஒரே ஆள்தான்.

2018இல் நியூயார்க் விட்னி மியூசியம் அவருக்குப் பெரிய பின்னோக்குக் கண்காட்சி நடத்தியது. அங்கேயே போய் ஆக்ட் அப் அமைப்பினர் நின்றார்கள். எய்ட்ஸை ஏதோ முடிந்துபோன சரித்திரம் மாதிரி காட்டாதீர்கள் என்பது அவர்கள் சொன்னது. கழித்தலில் இதுவும் ஒரு வகை: "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சட்டம் போட்டு மாட்டிவிடுவது.

1992இல், 37 வயதில் இறந்தார். 1996இல் அவருடைய சாம்பலை, துணைவர் எடுத்துப்போய் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் தூவினார். கழித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் அங்கே போய், அந்தச் சாம்பலில் கலைஞர் எது, போராளி எது என்று பிரித்துக் காட்டட்டும்.