தாப்பா பிரகடனம்: கருவி உடையவருக்கே

உழைக்கும் கருவிக்கு முதுமை கற்பித்த யுகம் முடிந்துவிட்டது. அதன் இறுதி அத்தியாயம் 2025 அக்டோபர் 14 அன்று எழுதப்பட்டது. அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது; பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு ஓராண்டுத் தவணை தந்தது. இந்த மாற்றத்தால் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கெனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணித்திருந்தது. குப்பையை முன்கூட்டியே கணக்கிட முடிந்த ஒழுங்கால் அதைத் தடுக்க முடியவில்லை. அதன் தோல்விக்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் இனி என்ன செய்வது என்ற விவாதம் இரு கட்சியாகப் பிரிந்தது. புதுக் கணினி வாங்குவோம் என்றது ஒரு கட்சி. ஓடுகிறவரை ஓடட்டும் என்றது மறு கட்சி. முன்னது சேமிப்பைப் பலியிடும். பின்னது பாதுகாப்பைப் பலியிடும். இரண்டையும் காக்கும் வழியை அறிவிக்கவே நாங்கள் கூடினோம்.

2016இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி நினைவகம். கோயில் ரசீது அதில்தான் அச்சாகிறது; எஸ்பிஎம் தேர்வு மாணவருக்கான மாதிரி வினாத்தாள் அதில்தான் தயாராகிறது. விண்டோஸ் 11 கேட்கும் நினைவகம் 4 ஜிபிதான். இதில் அதைப்போல் இரு மடங்கு இருக்கிறது. ஆயினும் தகுதிச் சோதனை அதை வாசலிலேயே நிறுத்துகிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் அனுமதி. கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். உழைப்பில் குறையில்லாத கருவி பட்டியலில் பெயரில்லாததால் தள்ளப்படுகிறது.

இத்தகைய தள்ளுபடியைப் பேராக் தமிழர் முன்பே கண்டவர்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடல் காலத்தில் முதலாளி மாறியதும் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கின. ஒண்டியிருந்த தலைமுறை உடைமையைக் கற்றது. அதன் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் பிறர் தரும் உரிமத்தின் தயவில் வாழச் சம்மதியோம்.

நாங்கள் நிலைநாட்டுவன நான்கு.

ஆயுள். கணினியின் ஆயுளை அதன் உறுப்புகளே தீர்மானிக்க வேண்டும். நிறுவனத்தின் நாட்காட்டி தீர்மானிக்கலாகாது. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 இயங்கக் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டிடமும் போதும். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு.

சுதந்திரம். பயன்படுத்த, ஆராய, பகிர, திருத்த: இந்நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் அறம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அந்த அறத்துக்கு உருக்கொடுத்தன.

தமிழ். முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனின் நாடு இது. கணினித் தமிழுக்கு இங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லினக்ஸிலும் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறைத் தட்டச்சும் உண்டு. ஆனால் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய ஆண்டுமலர்க் கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளே வரிசைகட்டுகின்றன. அந்த இழப்பு மீண்டும் நேராதிருக்க, இனி நம் ஆவணங்கள் ஒருங்குறியில் அமையும். 2006இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தில் நிலைபெறும்.

பொறுப்பு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மின்கழிவை அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. கழிவைச் சட்டப்படி ஒப்படைப்பது கடமை. கழிவே சேராமல் காப்பது அதனினும் உயர்ந்த கடமை. அரசுத் துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை நம் நாடு 2004இலேயே வகுத்தது. அரசு அன்று கண்ட திசையில் குடிமக்கள் இன்று நடப்போம்.

நாங்கள் மறுப்பனவும் நான்கு.

திருட்டுப் பிரதியை மறுக்கிறோம். உரிமை கேட்பவர் களவில் தொடங்கலாகாது. தகுதிச் சோதனையை ஏய்த்து விண்டோஸ் 11 நிறுவும் குறுக்குவழியை மறுக்கிறோம். அவ்வாறு நிறுவிய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கும் அசட்டுத் துணிவை மறுக்கிறோம். புதியதெல்லாம் தீது என்னும் பிடிவாதத்தையும் மறுக்கிறோம். தகுதியுள்ள கணினி விண்டோஸ் 11க்கு மாறட்டும். இன்டிசைனில் ஆண்டுமலர் வடிவமைப்பவர் விண்டோஸிலேயே இருக்கட்டும், அம்மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. தேர்வு அவரவருடையது, கட்டளை எவருடையதும் அன்று.

காலம் எங்கள் பக்கம் நிற்கிறது. வருமான வரிப் படிவமும் வங்கிக் கணக்கும் உலாவிக்குள் வந்துவிட்டன. உலாவி எந்த இயங்குதளத்திலும் திறக்கிறது. ஒரே நிறுவனத்தின் வாசல் வழியாக மட்டுமே உலகுக்குப் போகலாம் என்ற நிலை போய்விட்டது.

தாப்பா மக்களே, தோட்டப்புறத்துத் தோழர்களே! பழைய கணினியை எடைக்குப் போடாதீர்கள். முதலில் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுங்கள். பிறகு லினக்ஸை ஒரு யூஎஸ்பி விரலியில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறி அச்சிடுகிறதா, வைஃபை இணைகிறதா, தமிழ் தடையின்றி வருகிறதா என்று சோதியுங்கள். அதன்பின் முடிவெடுங்கள். அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.