ஆகாருக்கும் ஒரு ஞாயிறு வேண்டும்



கடவுள் நம்மோடு நெருங்கி வாழ விழைகிறார் என்று மறையுரையில் சொன்னால், வளைகுடாவில் வாழும் நம்மவரின் கண்கள் பனிக்கின்றன. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கு அது ஆறுதலான செய்தி. ஆனால் அதைக் கேட்டுக் கண்கலங்கும் சிலருடைய வீடுகளில், அதே வேளையில் ஒரு பணிப்பெண் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். அவளும் திருமுழுக்குப் பெற்றவளே. அவள் ஆலயத்தைக் கண்டு எத்தனை மாதங்கள் ஆயின? இன்று இதைப் பற்றியே எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

தொடக்க நூல் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆகார் எகிப்து நாட்டவள். அந்நியர் குடும்பத்தில் அடிமைப் பெண். சாராயும் ஆபிராமும் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'பணிப்பெண்' என்றே குறிப்பிடுகிறார்கள். ஒருமுறைகூட அவள் பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை. கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடியவளை, நீரூற்றருகே ஆண்டவரின் தூதரே தேடி வந்து பெயர் சொல்லி அழைக்கிறார். கடவுளுக்கு ஒரு பெயர் சூட்டியவராக விவிலியத்தில் நாம் முதலில் காண்பது குலமுதுவரையல்ல, இந்த வேலைக்காரியைத்தான். தன்னைக் காண்கின்ற இறைவன் என்று அவள் அவருக்குப் பெயரிட்டாள்.

"தலைவியிடம் திரும்பிப் போ என்றுதானே தூதர் சொன்னார்?" என்று விவிலியம் அறிந்த சிலர் கேட்பதுண்டு. உண்மை. ஆனால் சாராய் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லையே! 21ஆம் அதிகாரம் வரை பொறுமையாகப் படியுங்கள். துரத்தப்பட்ட அப்பெண்ணின் மகன் அழுத குரலைக் கேட்டு, அவளுக்குத் தண்ணீரைக் காட்டி, கடவுள் அச்சிறுவனோடு இருந்தார்.

இன்னொரு சாக்கும் உண்டு. "கடவுள் எங்கும் இருக்கிறார், சுவாமி. அவள் வீட்டிலேயே செபிக்கட்டும். கைபேசியில் நேரலைத் திருப்பலி பார்க்கட்டும்." நல்ல இறையியல்! அப்படியானால் நீங்கள் ஏன் வண்டி நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் ஆலயத்தைச் சுற்றுகிறீர்கள்? எங்கும் நிறைந்திருப்பதே போதும் என்று கடவுள் கருதியிருந்தால், பெத்லகேமில் குழந்தையாய்ப் பிறந்திருக்கத் தேவையில்லை. தொலைவிலிருந்து அன்புசெய்வது அவருக்குப் போதவில்லை, ஆதலால் உடலெடுத்தார். நற்கருணையில் இன்றும் உணவாக வருகிறார். அந்த அப்பத்தை ஒருத்திக்கு மறுத்துவிட்டு, அவளுக்குத் திரையைக் காட்டுவது என்ன நியாயம்?

துபாயில் 1967இல் தூய மரியா ஆலயம் எழுவதற்கு நிலம் அளித்தவர், அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம். நாம் ஆண்டவரை நெருங்க ஓர் இசுலாமியர் இடம் தந்தார். கிறிஸ்தவ வீட்டில் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண்ணுக்கோ இரண்டு மணி நேரம் கிடைப்பதில்லை! வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு தரவேண்டும் என்று அமீரகச் சட்டம் 2017இலேயே கூறியது. 2022இல் வந்த புதிய சட்டமும் அதையே கூறுகிறது. பிறர் ஆண்டவரின் நாளைக் கடைப்பிடிக்கத் தடையாகும் வேலையைத் தேவையின்றிச் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2187ஆம் எண்ணில் கற்பிக்கிறது. இரண்டையும் மீறிவிட்டுக் காணிக்கைத் தட்டில் கைநிறையப் போடுவதால் கணக்கு நேராகாது.

வெளியே விட்டால் கெட்டுப்போவாள், தோழியர் பேச்சைக் கேட்டு ஓடிவிடுவாள் என்ற அச்சத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒருத்தி ஏன் ஓடுகிறாள் என்பதை ஆகாரின் கதையே சொல்லிவிட்டது.

வருகிற ஞாயிறு நீங்கள் காலைத் திருப்பலிக்கு வாருங்கள். மாலையில் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு அவளை அனுப்புங்கள். தமிழ்ப் பெண்ணானால் தமிழ்த் திருப்பலிக்கு வரட்டும். பிலிப்பீன்சுக்காரியானால் தகலோகுத் திருப்பலிக்குப் போகட்டும். இலங்கையிலிருந்து வந்த பௌத்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த ஓய்வுநாள் அவளுடையதே. எங்கே போகிறாய் என்று கேட்காதீர்கள். பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்தனுப்புங்கள். அதைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம்.