சீட்டுக்கும் சிட்டை வேண்டும்

சீட்டாடுகிறவர் எவரையாவது நிறுத்தி, "இதுவரை மொத்தத்தில் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "சரிக்குச் சரி" என்பார். சிலர் "கொஞ்சம் கையில் நிற்கிறது" என்றும் சொல்வார்கள். ஆறு பேர் வட்டமாக அமர்ந்து ஆடி, ஆறு பேருமே இலாபத்தில் எழுந்தார்கள் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒருவருக்குப் பற்று என்றால் இன்னொருவருக்கு வரவு என்பதுதானே வணிகவியல் மாணவர்களாகிய நாங்கள் கற்ற முதற்பாடம்!

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பொங்கல், தீபாவளி நாட்களில் ரம்மி நடக்கும். பெரியப்பாதான் தலைமை. புள்ளிகளை ஒரு தாளில் எழுதுவார்கள். எடுத்தவுடன் ஸ்கூட் என்றால் 20, நடுவில் என்றால் 40, முழுக்க மாட்டிக்கொண்டால் 80. 201ஐத் தொட்டவர் வெளியே. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். அடுத்த பண்டிகைக்குள் ஒவ்வொருவர் நினைவிலும் தாம் வென்ற ஆட்டங்கள் மட்டுமே தங்கியிருக்கும். எங்கள் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு முறை சொன்னாள்: "ஜெயிச்ச கதையை எல்லாவனும் சொல்லுதான். தோத்த கதை எவன்கிட்ட இருக்கு?"

அந்தத் தோற்ற கதை என்னிடமும் இருந்தது. ஆனால் எனக்கே அது தெரியாது. 2024இல், முதலாண்டு மாணவனாக இருந்தபோது, கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடத் தொடங்கினேன். கேட்டவர்களிடம் எல்லாம் "சரிக்குச் சரி" என்றே சொல்லி வந்தேன். நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன்.

என் அம்மா பீடி சுற்றுகிறவள். ஒரு நாள் தன் பாஸ் புத்தகத்தை என்னிடம் நீட்டி, கூட்டல் சரியா என்று பார்க்கச் சொன்னாள். கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, திரும்பி வந்த பீடி எத்தனை, கழித்தது எத்தனை என்று நாள்தோறும் அதில் பதிவு இருந்தது. கழித்த பீடிக்குக்கூடக் கணக்கு இருக்கும் வீட்டில், நான் இழந்த ரூபாய்க்கு ஒரு வரிகூட இல்லையே என்று அன்று உறைத்தது.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வைத்த பணம், மிஞ்சிய பணம், அப்போதைய மனநிலை என ஆறு கட்டங்கள் போட்டேன். எழுதாமல் படுப்பதில்லை என்று ஒரு விதியும் வகுத்துக்கொண்டேன். வென்ற நாளில் பேனா தானாக ஓடும். தோற்ற நாளில் அந்த விதிதான் கையைப் பிடித்து எழுத வைத்தது.

முப்பது முறை ஆடியபின் கூட்டிப் பார்த்தேன். வென்றது 11, தோற்றது 19. மொத்த நட்டம் 2,360 ரூபாய். இரவு பத்து மணிக்குமுன் எழுந்துவிட்ட 16 முறைகளில் நட்டம் 140 ரூபாய்தான். பத்துக்குமேல் நீண்ட 14 முறைகளில் 2,220 ரூபாய்! அந்தப் பதினான்கில் ஒன்பது இடங்களில் மனநிலைக் கட்டத்தில் ஒரே தொடரை எழுதியிருந்தேன்: "விட்டதைப் பிடிக்க." அம்மாவின் பத்து நாள் கூலியை நெருங்கும் தொகை அது. அதையும் அந்த நோட்டிலேயே எழுதினேன்.

ரம்மி திறமையாட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வாதம் பழையது. 1960களின் பிற்பகுதியிலேயே உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டைப்போல் ரம்மி முற்றிலும் அதிர்ஷ்டம் அன்று; விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்யவும் திறமை வேண்டும் என்று கூறிற்று. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கிற்று. என் கருத்து இதுதான்: ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லலாம், என்னிடம் திறமை இருக்கிறது என்று அது சொல்லவில்லையே! அதை என் நோட்டுதான் சொல்ல வேண்டும். திறமை உண்மையானால் அது ஏட்டில் தெரிந்தே தீரும்.

மேலைநாடுகளில் போக்கரைத் தொழிலாகக் கொண்டோர் இவ்வுண்மையை அறிவர். எத்தனை மணி நேரம், என்ன பந்தயம், என்ன முடிவு என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைப்பது அவர்களிடம் உள்ள வழக்கம். சில நாள் வெற்றி எதையும் மெய்ப்பிக்காது. பல்லாயிரம் ஆட்டங்களில்தான் அதிர்ஷ்டம் கரைந்து திறமை மேலே தெரியும். 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டப் புதிர் ஒன்றைக் கடிதங்களில் ஆராயப்போய்த்தான் நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடித்தளம் இட்டார்கள். முப்பது பதிவு என் திறமையை அளக்கப் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பழக்கத்தை அளக்க அது தாராளமாகப் போதும்.

வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தையே ஒதுக்கிச் சூதைக் கடிந்திருக்க, அதற்குக் கணக்கு வைக்கச் சொல்வது முறையா என்று நம் தமிழாசிரியர்கள் கேட்கலாம். பணம் வைத்து ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடத்துகிறவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுகிறவர்கள் அனைவரையும் சேர்த்துக் கூட்டினால் நட்டமே மிஞ்சும். பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. அதற்கு ஐந்து மாதம் முன்பே என் நோட்டு எனக்குத் தடை போட்டுவிட்டது. அறிவுரையை மறுக்கலாம், சட்டத்தை ஏய்க்கலாம். தன் கையெழுத்தில் உள்ள கணக்கை எப்படி மறுப்பது?

இப்போது திண்ணையில் காசில்லாமல்தான் ஆடுகிறேன். புள்ளித்தாளைக் கசக்க விடாமல் நோட்டில் பெயர்த்து எழுதுகிறேன். சென்ற பொங்கலில் ஆடிய 25 கைகளில் ஏழு முறை 80 வாங்கியிருந்தேன். அவற்றில் ஐந்து, ஜோக்கர் இல்லாத ஒரு ரம்மிகூடச் சேரும் வழி தெரியாத சீட்டுகள். தொடக்கத்திலேயே 20ஐக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியவை. ஆசையால் ஒவ்வொரு முறையும் 60 புள்ளி அதிகம் கொடுத்திருக்கிறேன். பெரியப்பா பல ஆண்டுகளாகச் சொன்ன புத்தி, ஒரு பக்கக் கணக்கைப் பார்த்த பிறகுதான் ஏறியது.

அந்தப் பழைய நோட்டை அம்மாவிடம் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் பாஸ் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள். "கூட்டல் சரியாத்தாம்ல இருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

நண்பர்களே! சீட்டாடாதவர்களும் ஒரு சிட்டை தொடங்கலாம். படித்த மணி, வாங்கிய மதிப்பெண், கடன் வாங்கிய தொகை என எதை எழுதினாலும், தோற்ற நாளையும் விடாமல் எழுதுங்கள். வென்ற நாளை மட்டும் எழுதும் ஏடு, திண்ணையில் சொல்லும் கதைக்குமேல் வேறொன்றும் ஆகாது.