கடலில் கயிறு கட்டி ‘பஞ்சு’ வளர்க்கும் பெண்கள்: சான்சிபாரில் என்ன நடக்கிறது?

பாத்திரம் தேய்க்க, உடம்பு தேய்க்க, கார் கழுவ என்று நம்ம வீட்டில் புழங்கும் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஆனால் அந்தப் பெயர் முதலில் ஒரு கடல் உயிரினத்துக்குச் சொந்தமானது. தமிழில் கடற்பஞ்சு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில், ஜாம்பியானி என்ற கடலோர கிராமத்துப் பெண்கள் சிலர் இதைக் கயிற்றில் கோத்து, கடலுக்குள்ளேயே வளர்த்து விற்கிறார்கள்.

ஏதோ புதுமைக்காகச் செய்யும் வேலை இல்லை இது. அதுவரை அந்தக் கிராமத்துக்குச் சோறு போட்ட தொழிலைக் கடலின் சூடு பறித்துக்கொண்டிருக்கிறது.

பாசி போச்சு, பஞ்சு வந்துச்சு

சான்சிபாரில் 1980-களின் இறுதியில் கடல்பாசி வளர்ப்பு வியாபாரமாகத் தொடங்கியது. 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இதில் இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டுவார்கள். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் பொருளுக்காக இந்தப் பாசியை வெளிநாட்டு நிறுவனங்கள் வாங்குகின்றன.

இதில் நல்ல விலை போகும் ரகம் ‘காட்டோனி’. ஆனால் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகச் சூடானாலே அது வெளுத்து, நோய் பிடித்து, அழுகிவிடும். ஆழம் குறைந்த கரையோரத் தண்ணீரில் இது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. சூட்டைத் தாங்கும் இன்னொரு ரகம் இருக்கு, ஆனால் அதற்குக் கிடைக்கும் விலை ரொம்பக் கம்மி. உழைப்பு அதேதான், வருமானம் மட்டும் இறங்கிவிட்டது.

இது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மிதவையில் வளர்க்கும் பாசியும் இதே காட்டோனி இனம்தான். அங்கேயும் 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெப்பத்தால் பாசி மொத்தமாகச் செத்து, பலருக்குப் பிழைப்பு போனது.

இந்த நிலையில்தான் ‘மரைன்கல்ச்சர்ஸ்’ என்ற சுவிட்சர்லாந்து தொண்டு அமைப்பு ஜாம்பியானியில் கடற்பஞ்சு வளர்ப்பைச் சோதித்துப் பார்த்து, உள்ளூர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கணவர் துணை இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

வெட்டினாலும் வளரும்

கடற்பஞ்சு செடி மாதிரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அது விலங்கு. மூளை, இதயம், வயிறு, நரம்பு எதுவும் கிடையாது. உடம்பெல்லாம் துளை. அதன் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே தள்ளும். அதாவது, தீவனம் போடவே வேண்டாம். இறால் பண்ணை வைத்தவர்களிடம் கேட்டால் தெரியும், செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குத்தான் போகும். இங்கே அந்தச் செலவு பூஜ்யம்.

இன்னொரு வசதி, இதன் மீண்டு வளரும் சக்தி. 1907-இல் ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உயிருள்ள கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து செல்களாகப் பிரித்தார். அந்தச் செல்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி கடற்பஞ்சாகவே மாறின! பண்ணையில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தாய்ப் பஞ்சைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் போதும். வெட்டிய இடம் ஆறி, ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும்.

விற்கும் அளவுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகலாம். அதுவரை மூக்குக்குழாய் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய், கயிற்றில் படியும் பாசியையும் அழுக்கையும் தேய்த்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காக நீச்சல் கற்றுக்கொண்ட பெண்களும் உண்டு. அறுவடைக்குப் பிறகு சதைப்பகுதியை அழுகவிட்டு, பலமுறை அலசிப் பிழிந்து காயவைத்தால் மிஞ்சுவது மெத்தென்ற நார்க்கூடு. நாம் கையில் வாங்கும் குளியல் பஞ்சு அதுதான்.

புற்றுநோய் மருந்துக்கு வளர்க்கலாமே?

நியாயமான கேள்வி. கடற்பஞ்சுகளில் மருந்துச் சரக்கு நிறைய இருக்கு. ஃபுளோரிடா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில் 1950-களின் தொடக்கத்தில் கண்டறிந்த வேதிப்பொருள்கள்தான், இன்று ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டின. 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்து எரிபுலினுக்கும் மூலம் ஒரு கடற்பஞ்சுதான். ஜப்பானில் 1986-இல் அதில் ஹாலிகாண்ட்ரின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள்.

சிக்கல் அளவில்தான். நியூசிலாந்தில் ஒரு டன் கடற்பஞ்சு எடுத்துப் பிரித்ததில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின்-பி சுமார் 300 மில்லிகிராம். ஒரு மாத்திரை எடைகூட இல்லை. அங்கே அந்த இனத்தை வளர்த்தும் பார்த்தார்கள், வளரத்தான் செய்தது. ஆனால் 1992-இல் ஹார்வர்டு வேதியியலாளர் யோஷிட்டோ கிஷியின் குழு அதே மூலக்கூறை ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டது. எரிபுலின் அந்தப் பாதையில் வந்ததுதான், முழுக்கச் செயற்கைத் தயாரிப்பு. ஆக, மருந்துக் கம்பெனி வந்து பண்ணையில் வாங்கும் என்று இப்போதைக்கு யாரும் காத்திருக்க முடியாது. 2019-இல் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தினர் கடற்பஞ்சுச் செல்களையே ஆய்வகத் திரவத்தில் வேகமாகப் பெருக வைத்தார்கள். மருந்து ஆராய்ச்சியின் கவனம் அந்தப் பக்கம் போகிறது, கயிற்றுப் பக்கம் இல்லை.

அப்போ, இதில் ரிஸ்க் என்ன?

முதல் பயம் நோய். 1930-களில் பஹாமாஸிலும் பிரிட்டிஷ் ஹோண்டுராஸிலும் (இன்றைய பெலிஸ்) கடற்பஞ்சு வளர்ப்பு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. 1938-39-இல் கரீபியன் முழுக்கப் பரவிய ஒரு நோய் அத்தனையையும் அழித்தது. பிறகு பிளாஸ்டிக் ஸ்பாஞ்ச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1986-இல் மத்தியத்தரைக் கடலிலும் இதே மாதிரி ஒரு கொள்ளைநோய். ஒரே தாயை வெட்டி வளர்த்த துண்டுகள் எல்லாமே மரபில் ஒன்று என்பதால், ஒன்றைத் தாக்கும் கிருமி மற்றதையும் எளிதில் தாக்கும்.

இரண்டாவது, சூடு. பாசியைவிடக் கடற்பஞ்சு தாங்கும் என்பதை நம்பித்தான் தொழில் மாறியது. ஆனால் அதற்கும் எல்லை இருக்கு. 2022-இல் நியூசிலாந்தின் தென்பகுதியில் கடல் வெப்ப அலையால் லட்சக்கணக்கான கடற்பஞ்சுகள் வெளுத்துப்போயின.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வாங்குவது யார்? பிளாஸ்டிக் ஸ்பாஞ்சோடு விலையில் மோதவே முடியாது. சான்சிபாரில் இதைப் பெரும்பாலும் வாங்குவது சுற்றுலாப் பயணிகளும் அவர்களுக்கான கடைகளும்தான். பத்திருபது பெண்களின் சரக்குக்கு அந்தச் சந்தை போதும். பாசித் தொழிலில் உள்ள ஆயிரக்கணக்கானவர்களும் இதற்கு மாறினால் அத்தனை பஞ்சும் அங்கே விற்காது. ஏற்றுமதி செய்தாக வேண்டும். அதற்குத் தரம் பிரிப்பது, தொடர்ந்து ஒரே அளவு சரக்கு கொடுப்பது, வெளிநாட்டு வியாபாரியிடம் விலை பேசுவது என்று வேறு வேலைகள் இருக்கு. பாசியில் அந்த விலையைப் பேசும் இடத்தில் இந்தப் பெண்கள் இருந்ததில்லை.